ஒற்றை ப்ரொப் கட்சிக்காரி

எனக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பு குழாயோடு முடிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் குழாய், வாஷ் பேசின், தண்ணீர் மோட்டார் விற்கிற கடை வைத்திருக்கிறேன். வீடு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில். பல்கனியில் நின்றால் ரயில் பாதையும் அதற்கு அப்பால் கடலும் தெரியும். கடலை அங்கிருந்து பார்த்தால் போதும் என்பது என் கொள்கை. கால் நனைக்கக்கூட நான் இறங்குவதில்லை. இப்படிப்பட்ட ஒருவனுக்கு விசைப்படகு ஓட்டுகிற பெண்ணைக் கட்டிவைத்தது யார் குற்றம் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கட்டியபோது அவள் படகு ஓட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொல்கொட வாவிக் கரையில் படகுகளை வாடகைக்கு விடுகிற ஓர் இடத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையன்று ஓட்டுநர் வரவில்லை. பிறந்தநாள் கொண்டாட வந்த குடும்பம் கேக்கும் பலூனுமாகப் படகு கட்டுகிற ஜெட்டியில் காய்ந்துகொண்டு நின்றது. "நான் ஓட்டிறன்" என்று சொல்லிவிட்டு இவள் ஏறிவிட்டாள். அதற்கு முன்பு ஓட்டிப் பழகியிருந்தாளா என்று கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுகிறாள். பிறகு முறையாகப் பழகி, கணக்கு வேலையை விட்டு, ஒரு பழைய படகை வாங்கித் தானே ஓட்டத் தொடங்கினாள். கல்யாண சோடிகள், ஒஃபிஸ் சுற்றுலாக்காரர், குருவி பார்க்க வருகிறவர்கள் என்று வாவியில் அவளுக்கு ஆட்கள் குறையவில்லை.

அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. எஞ்சின் படகுக்குள்ளேயே, பின்பக்கம், ஒரு பெட்டிக்குள் இருக்கும். அதிலிருந்து ஒரு கால் மட்டும் வெளியே தண்ணீருக்குள் இறங்கும். கால் என்று நான்தான் சொல்கிறேன். படகுக்காரர் லெக் என்பார்கள். அந்தக் காலின் நுனியில்தான் ப்ரொப், அதாவது தண்ணீரைத் தள்ளுகிற விசிறி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கால் முழுவதும் திரும்பும், படகும் திரும்பும். சில கால்களில் ஒரு ப்ரொப் இருக்கும். சிலவற்றில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு இருக்கும். ஒன்று வலமாகச் சுற்றும், மற்றது இடமாகச் சுற்றும்.

வித்தியாசம் பின்னால் எடுக்கும்போது தெரியும். ஒற்றை ப்ரொப் ஒரு பக்கமாகவே சுற்றுவதால் படகின் வால் நேராகப் பின்னுக்கு வராது, பக்கவாட்டில் ஓடும். மிக்ஸியை எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் போட்டால் அது மேசையில் ஒரு பக்கமாக நகருமே, அந்த மாதிரி. ரெட்டை ப்ரொப்பில் ஒன்றின் இழுவையை மற்றது அடக்கிவிடும். படகு வைத்த கோட்டில் வரும். ஸ்டியரிங்கும் கையை இழுக்காது.

என் மனைவி ஒற்றை ப்ரொப் கட்சி. சாதாரணக் கட்சிக்காரி அல்ல, மேடை போட்டுப் பேசுகிறவள். எதிர்க்கட்சி இரத்மலானையில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக். சிங்களவர், என் வயதுதான், வாயும் என்னுடையதைப் போலத்தான். படகு சர்வீசுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் இருவருக்கும் வாக்குவாதம் நடக்கும். அவர் பேசுவது சிங்களம், இவள் பதில் சொல்வதும் சிங்களம். வசவு மட்டும் இவள் தமிழில், என்னைப் பார்த்துச் சொல்வாள்.

"ரெட்டை போட்டால் பஞ்சு மாதிரி ஓடும், மிஸ்" என்பார் அவர்.

"கல்லில பட்டால் ரெண்டும் போகும். எனக்கு ஒண்டுதான் போகும்" என்பாள் இவள். உச்ச வேகத்தில் ஒற்றைதான் முந்தும் என்பாள். வாவியில் மிதக்கிற சிலிசிலிப் பிளாஸ்டிக் பைகள் எல்லாவற்றையும் ரெட்டை ப்ரொப் இரண்டு வாயாலும் விழுங்கும் என்பாள். அவரும் விடமாட்டார். மெதுவாகப் போகும்போது ஒற்றை ப்ரொப் குடிகாரனைப் போல அங்கும் இங்கும் தள்ளாடும், ரெட்டை கோடு போட்டது போலப் போகும் என்பார். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் தலையாட்டுவேன்.

ஆனால் அவளுடைய உண்மையான வாதம் அவள் வாயில் இல்லை, கையில் இருந்தது. ஜெட்டியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அவள் படகு கட்டுகிற இடம். படகை விட அந்த இடைவெளி கொஞ்சம்தான் அகலம். அதற்குள் பின்பக்கமாக நுழைப்பாள். இடது கை ஸ்டியரிங்கில், வலது கை கியரில், முகம் பின்னால் திரும்பியிருக்கும். படகின் வால் பக்கவாட்டில் ஓடப் பார்க்கும். அது ஓட முதலே கைகள் அதைச் சரிக்கட்டிவிடும். கயிறு போடுகிறவர் கையை நீட்டவும் படகு அந்தக் கையருகில் வந்து நிற்கவும் சரியாக இருக்கும். பக்கத்துப் படகுக்காரர் சிகரெட்டை வாயில் வைத்தபடி பற்ற வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன். எனக்கு நெஞ்சு நிமிரும். தண்ணீர்ப் பயத்தில் இருக்கையைப் பிடித்திருக்கிற கை மட்டும் விடாது.

ஒரு காலை, குசினியில், அவள் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. "என்னப்பா, கை…" என்றாள். அடுத்த சொல் குழறியது. பாரிசவாதம். பொரளையில் ஆஸ்பத்திரி வாசலில் நான் யாரோடெல்லாம் சண்டை பிடித்தேன் என்று எனக்கே நினைவில்லை. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

முகம் சரியாகிவிட்டது. கால் சரியாகிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது, போனதை விடக் கொஞ்சம் கூடுதலாகவே. இடது கை மட்டும் வரவில்லை. பிசியோ செய்கிற மிஸ், கைதான் எப்போதும் கடைசியாக வரும் என்றார். வருமா என்று நான் கேட்டபோது, "செய்துகொண்டே இருங்கோ" என்றார். அது பதில் இல்லை என்று எனக்கும் அவளுக்கும் தெரியும்.

தினமும் காலையில் மேசையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையை வைத்து, அதைத் தூக்கு என்று அந்தக் கைக்குச் சொல்லுவாள். வெறும் கோப்பைதான். தோள் அசையும், முழங்கை கொஞ்சம் பதறும், விரல்கள் கோப்பையைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளாது. "என்ன, இண்டைக்கும் லீவோ?" என்று கையைப் பார்த்துக் கேட்பாள். பின்னேரங்களில் கடலோரமாக, மரைன் டிரைவில் நடப்போம். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் ஒரு வைத்தியம் சொல்லுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள். வீட்டுக்கு வந்து, வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்திருப்பாள். அந்த நேரங்களில் நான் பெரிய கோழையாக இருந்தேன். உள்ளே போய் டிவியைப் போடுவேன்.

மாதங்கள் போயின. படகு ஜெட்டியில் பாசி பிடித்துக் கிடந்தது. என் பக்கத்துக் கடைக்காரர், கொட்டாஞ்சேனையில் பரம்பரையாக வியாபாரம் செய்கிற முஸ்லிம் மனிதர், ஒரு நாள் வந்து, "அண்ணன், நம்மட மச்சினன் ஒருத்தர் ஈக்கிறார். போட் ஒண்டு தேடுறாரு. கேட்டுப் பாருங்களேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அன்றிரவு சாப்பாட்டின்போது அதை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் பருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். வெறும் தட்டு ஒன்றைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். அதன் வலப்பக்கத்தில் ஒரு கரண்டியை வைத்தாள்.

"இஞ்ச பாருங்கோ. இது ஸ்டியரிங். இது கியர். முன்னுக்குப் போகேக்க எனக்கு ஒரு கை போதும். பின்னுக்கு எடுத்துக் கட்டேக்கதான் ரெண்டு கையும் ஒரே நேரத்தில வேணும். ஏன் வேணும்?"

"நீர்தான் சொல்ல வேணும்."

"ஏனெண்டால் என்ர போட் நேரா பின்னுக்கு வராது. பக்கத்தால ஓடும். நேரா வாற போட் எண்டால், ஸ்டியரிங்கை நேரா வைச்சிட்டு விட்டிடலாம். கியருக்கு மட்டும் ஒரு கை."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நேரா வாற போட் எண்டால்…"

"ஓம். ரெட்டை ப்ரொப்."

"அப்ப உம்மட கட்சி?"

"கட்சி கிடக்குது. எனக்கு வாவி வேணும்."

அவள் மறுபடி சாப்பிடத் தொடங்கிவிட்டாள். நான்தான் சோற்றைப் பிசைந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு குழாய் பிராண்டை மாற்றுவதற்கே மாதக்கணக்கில் யோசிக்கிறவன். மாற்றிய பிறகும் பழையதுதான் திறம் என்று பத்துப் பேரிடம் சொல்கிறவன். இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தின கட்சியை, ஒரு தட்டையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு, முகம் கோணாமல் விட்டுவிட முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அந்த நேரம் அவளை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஒரு நிபந்தனையும் அவளே போட்டாள். "நான் தனிய அந்த ரெண்டு கம்பத்துக்குள்ள இடிக்காமல் கட்டினால் வைச்சிருப்பம். இடிச்சால், அந்த மச்சினனுக்கே குடுங்கோ. ஆட்களை ஏத்திக்கொண்டு பரீட்சை எழுதேலாது."

இரத்மலானைக்குப் போனோம். மெக்கானிக் சிரிப்பார், சீண்டுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. அவளுடைய கையைப் பார்த்தார், பிறகு நாங்கள் காட்டிய படகின் படத்தைப் பார்த்தார், "எஞ்சின் இருக்கட்டும் மிஸ், காலை மட்டும் மாற்றுவோம்" என்றார். எங்கெங்கோ விசாரித்துப் பாவித்த ரெட்டை ப்ரொப் கால் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டினார். பூட்டி முடித்த பிறகுதான் அவரால் அடக்க முடியவில்லை. "நான் எப்பவோ சொன்னேன்" என்றார். "சொன்னீங்கதான்" என்றாள் இவள்.

பரீட்சை நாள் காலையில் வாவி தூங்கி எழும்பாதது போலக் கிடந்தது. நான் லைஃப் ஜக்கெட்டை இரண்டு முறை இறுக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மெக்கானிக் கயிற்றோடு ஜெட்டியில் நின்றார். அவள் வலது கையால் இடது கையைத் தூக்கி ஸ்டியரிங்கின் இடப்பக்க விளிம்பில் வைத்து, விழாமல் இருக்கப் பெருவிரலை ஆரக்கம்பியில் கொளுவிவிட்டாள். கை வழக்கமாக இருந்த இடத்தில் அது இருக்கட்டும் என்று பிசியோ மிஸ் சொல்லியிருந்தார். ஸ்டியரிங் நேராக நிற்கும்போது உச்சியில் வருகிற மாதிரி, மெக்கானிக் ஒரு சிவப்பு டேப் துண்டு ஒட்டியிருந்தார். ஸ்டியரிங்கைத் திருப்ப ஒரு விரலின் பலம் போதும், அவ்வளவு லேசு.

நடு வாவியில் அவள் வலது கையையும் எடுத்துவிட்டாள். எனக்கு உயிர் போய் வந்தது. படகு அசையாமல் நேரே போனது.

"பாருங்கோ, பாருங்கோ! விட்டாலும் போகுது! இந்த மனுசன் சொன்னது உண்மைதான்!"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படி ஒரு குரலை அவளிடமிருந்து நான் கேட்டதில்லை. இனி எல்லாம் சரி என்று நானும் நம்பிவிட்டேன்.

ஜெட்டிக்கு வந்தோம். படகின் வாலைக் கம்பங்களுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினாள். சிவப்பு டேப்பை வலது கையால் உச்சிக்குக் கொண்டுவந்து விட்டாள். அந்தக் கையைக் கியருக்குக் கொண்டுபோனாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். படகு பின்னுக்கு நகர்ந்தது, நேராகத்தான் நகர்ந்தது, திடீரென்று வால் வலப்பக்கம் சாய்ந்து கம்பத்தில் மோதியது. நான் இருக்கையிலிருந்து வழுக்கி அவள் காலடியில் முழங்காலில் விழுந்தேன். என் மூக்குக்கு முன்னால் ஸ்டியரிங். சிவப்பு டேப் உச்சியில் இல்லை. நன்றாக வலப்பக்கம் போயிருந்தது.

அவள் எஞ்சினை நிறுத்தினாள். பிறகு வலது கையால் இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள்.

"சரியப்பா. குடுத்திடுவம்."

நான்தான் சொன்னேனே, எனக்கு எது வந்தாலும் கோபமாகத்தான் வரும். ஜெட்டியில் நின்ற மெக்கானிக்கைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினேன். உன்னுடைய கால்தான் இழுத்தது, நேராக வைத்த ஸ்டியரிங் எப்படித் திரும்பியது, என்ன சாமானைக் கொண்டுவந்து பூட்டினாய் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்.

அந்த மனிதர் இடிபட்ட படகைப் பற்றிக் கவலைப்பட்டதை விட இதற்குத்தான் துடித்துப்போனார். "இழுத்ததா? ரெட்டை ப்ரொப் இழுக்குமா?" கயிற்றை எறிந்துவிட்டுப் படகில் குதித்தார். அவளை எழுப்பி என் பக்கத்தில் உட்கார வைத்தார். படகை முன்னுக்குக் கொண்டுபோய், டேப்பை உச்சியில் நிறுத்தி, கியரைப் பின்னுக்குப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். படகு நேராக வந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே நுழைந்தது. கியரை எடுத்து நிறுத்தினார். டேப் ஒரு நூல்கூட அசையவில்லை.

"யார் இழுத்தது, சொல்லுங்க!" என்றார் என்னிடம்.

"அப்ப முதல் திரும்பினது?"

"என்ர கை விழுந்திருக்கும்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "செத்த பாரம். அது இழுத்திருக்கும்."

படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குழாய் விற்கிறவனுக்கு ஒன்று தெரியும்: எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும், எந்தப் பக்கம் திருப்பினால் பூட்டும். கை இருந்தது ஸ்டியரிங்கின் இடப்பக்கம். பாரத்தில் அது கீழே விழுந்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். டேப் போனது வலப்பக்கம். இடப்பக்கத்தில் இருக்கிற ஒரு கையால் ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், அந்தக் கை மேலே போக வேண்டும்.

"விழேல்லை" என்றேன். "மேல போயிருக்கு." மெக்கானிக்குக்கும் அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

மெக்கானிக் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவளை. மெதுவாக, எதிர்க்கட்சி என்பதையே மறந்துபோன குரலில் சொன்னார்: "மிஸ், பழைய கால் இருந்தபோது வால் இடப்பக்கம் ஓடும். பின்னால் எடுக்க முதல் நீங்க எப்பவும் ஸ்டியரிங்கை இடது கையால் வலப்பக்கம் கொஞ்சம் குடுப்பீங்க. எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்."

"நானோ? நான் அப்பிடி ஒண்டும் செய்யிறேல்லையே."

"நீங்க செய்றது உங்களுக்குத் தெரியாது."

அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். அது வழக்கம் போல, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரிக் கிடந்தது. எவ்வளவு கெஞ்சியும் ஒரு வெறும் கோப்பையைத் தூக்காத கை. யாரும் சொல்லாமல், அவளுக்கே தெரியாமல், தன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போயிருக்கிறது. இனித் தேவையில்லாத வேலை என்பதை மட்டும் அதற்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, படகுக்குள் எங்கே போய் மறைப்பது? அவள் அழவில்லை. எழுந்துபோய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இடது கையைத் தூக்கி விளிம்பில் வைத்தாள், பெருவிரலைக் கொளுவினாள், படகை முன்னுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

"என்னப்பா செய்யப் போறீர்?" என்றேன்.

"இன்னொருக்கா இடிச்சுப் பாப்பம்."

மெக்கானிக்குக்குத் தமிழ் அவ்வளவு வராது. ஆனால் அது அவருக்கு விளங்கிவிட்டது. தடுத்திருக்க வேண்டியவர் தடுக்காமல் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். நான் மறுபக்கத்தில் குந்தினேன்.

"நான் பாத்தால் அது வெக்கப்படும்" என்றாள். "நான் பின்னுக்குப் பாக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் கையைப் பாருங்கோ."

டேப்பை உச்சிக்குக் கொண்டுவந்தாள். வலது கை கியருக்குப் போனது. முகம் பின்னால் திரும்பியது. கியர் விழுந்த சத்தம் கேட்டது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, நீல நரம்பு ஓடுகிற அந்த மெலிந்த மணிக்கட்டு, நித்திரையில் போர்வையை இழுக்கிற மாதிரி, மெல்ல மேலே போனது. ஸ்டியரிங்கும் கூடவே போனது.

"அத! மிஸ், அத!" என்று மெக்கானிக் அலறினார். சிங்களத்தில் கை, கை என்கிறார். நானும் ஏதோ அலறினேன், என்ன மொழியில் என்று தெரியாது. எங்கள் இருவரையும் நம்பாமல் அவள் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள், கம்பம் பெரிதாகிக்கொண்டே வருவதை. அது வந்து முன்னதை விடப் பலமாக இடித்தபோது, அவள் ஓவென்று சிரித்துவிட்டாள்.